மேகத்துக்குள் ஒரு கை

போன வாரம் ஒரு கல்யாண விருந்தில், அப்போதுதான் எடுத்த படத்தைத் தங்கை மகள் கைபேசியில் காட்டினாள். எங்களுக்குப் பின்னால் யாரோ ஒருவர் சாப்பாட்டுத் தட்டோடு நின்றிருந்தார். "இந்த ஆள் வேணாம்லா பெரியம்மா" என்று விரலால் ஒரு தேய்ப்பு தேய்த்தாள். ஆளைக் காணோம்! அவர் நின்ற இடத்தில் சுவர்கூடச் சரியாக வந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் பகீரென்றது. அப்புறம் பிரியாணி இறங்கவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். ஆளை மறைப்பதுதான் ஒரு காலத்தில் என் பிழைப்பு.

தொண்ணூறுகளின் நடுவில், பினாங்கின் டத்தோ கிராமாட் பகுதியில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் அச்சுக்கடை இருந்தது. படியேறும்போதே மையும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை மூக்கில் ஏறும். இன்றைக்கும் எங்காவது லேமினேட் செய்கிற வாசனை வந்தால் எனக்குக் கழுத்து வலிக்கிறது. கல்யாண அட்டை, திருவிழா நோட்டீஸ், பதினாறாம் நாளுக்கு மாலை போட்டு வைக்கும் படம், எல்லாம் செய்வோம். போஸ், அதாவது எங்கள் முதலாளி, ஒரு கம்பியூட்டர் வாங்கி என்னை அதன் முன்னால் உட்காரவைத்தார். அந்த அறைக்கு மட்டும் ஏர்கோன் உண்டு. கம்பியூட்டருக்காகத்தான், எனக்காக இல்லை.

இறந்தவரை மேகத்துக்கு நடுவில் வைப்பது அப்போது பெரிய மோகம். வேண்டியவர்களுக்குப் பின்னணியில் பட்டுத்துணி, பழைய ஓலை என்று விதவிதமாகப் போட்டுக் கொடுப்பேன். இதற்கு லேயர் மாஸ்க் என்று ஒரு வித்தை. அடியில் மேகம், மேலே ஆளின் படம், படத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு திரை. திரையில் கறுப்பு பூசினால் ஆள் மறைந்து மேகம் வரும். வெள்ளை பூசினால் ஆள் திரும்பி வருவார். சாம்பல் பூசினால் இரண்டுங்கெட்டானாக, புகைக்குள் நிற்கிற மாதிரி தெரிவார். படத்துக்கு ஒரு சேதமும் ஆகாது. அதைக் கற்றுக்கொண்ட வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்த தபால்காரருக்குக்கூடக் காட்டினேன், பாவம்.

அப்படியொரு நாள் பக்கத்துச் சுங்கை பினாங்கிலிருந்து ஓர் அம்மாவும் மகனும் வந்தார்கள். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் தவறிவிட்டார். அவர் சிரித்தபடி இருந்தது ஒரே ஒரு ஸ்டூடியோ படத்தில்தான். நாற்காலியில் சால்வையோடு அவர், பக்கத்தில் நின்று அவர் தோளில் கைவைத்தபடி மகள்.

"அவள எடுத்துடுங்க," என்றார் மகன். "மேகத்தப் போட்டு மூடுங்க. இவரு மட்டும் போதும்."

அந்தப் பெண் ஒரு சீனப் பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாளாம். அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வந்தவளை வாசலிலேயே அண்ணன் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதையும் அவரே பெருமையாகச் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரையே மேகத்தில் மூடியிருப்பேன். சம்பளக்காரி, வாயை மூடிக்கொண்டு கறுப்பைப் பூசினேன். முதலில் தாவணி போயிற்று, பிறகு தோள், கடைசியில் முகம்.

கீழே யாரோ மோட்டர் சைக்கிளை நகர்த்தச் சொல்லிக் கத்தினார்கள். மகன் படியிறங்கியதும் அந்த அம்மா என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"எம்மவள அழிச்சிட்டியாம்மா?"

"அழிக்கல ஆன்ட்டி. மறச்சுத்தான் வச்சிருக்கேன். உள்ள பத்திரமா இருக்கா."

நம்பாமல் பார்த்தார். வெள்ளையை இழுத்துக் காட்டினேன். முகம் திரும்பி வந்தது. அவர் கம்பியூட்டர் திரையைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். "அப்பா தோள்ல இருக்கிற கைய மட்டும் விட்டுரும்மா. அவன் கண்ணுக்குத் தெரியாத மாதிரி."

மகன் மேலே வருவதற்குள் முகத்தை மறுபடி மூடிவிட்டு, கையின்மேல் மட்டும் சாம்பலைப் பூசினேன். அவர் வந்து கம்பியூட்டருக்குள் மூக்கை நுழைக்காத குறையாகப் பார்த்தார்.

"தோள்ல என்னாது இது?"

அந்த அம்மாதான், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "சால்வை மடிப்புடா," என்றார்.

படம் சட்டம் போட்டுப் போயிற்று.

சில மாதம் கழித்து ஒரு பெண் படியேறி வந்தாள். வயிற்றில் பிள்ளை, மூச்சு வாங்கியது. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நான் மூடிய முகமல்லவா! கையில் அந்தப் படம் அச்சிட்ட சின்ன நினைவு அட்டை.

"அக்கா, அம்மா ரகசியமா குடுத்து அனுப்புனாங்க. நான் உள்ள இருக்கேன்னு சொன்னாங்க. அண்ணன் பழைய படத்தக் கொளுத்திட்டாரு. மத்ததெல்லாம் வெள்ளத்துல போச்சு. அப்பாகூட எனக்கு வேற படமே இல்லக்கா."

"இரும்மா, இப்ப எடுத்துத் தரேன்," என்று ஓடினேன். அந்தப் படத்தைத் திறந்தேன். மேகம் இருந்தது, அப்பா இருந்தார். மாஸ்க் திரையைத் தேடினேன். இல்லை. அப்போதெல்லாம் கம்பியூட்டரில் இடம் கிடையாது. அச்சுக்குப் போய்வந்த படங்களின் லேயர் அடுக்குகளைப் போஸ் ஒன்றாக நசுக்கி ஒற்றைப் படமாக்கிவிடுவார், இடம் மிச்சமாகும் என்று. நசுக்கினால் மறைந்திருந்தது மறைந்ததுதான். நான் அந்த அம்மாவிடம் சொன்னது அன்றைக்கு உண்மைதான். எத்தனை நாள் உண்மையாக இருந்ததோ, தெரியாது.

அவளிடம் எப்படிச் சொன்னேன் என்பது நினைவில்லை. அவள் அழவில்லை. அட்டையை மேசையில் வைத்து, மேகம் கலைந்த அந்த மடிப்பின்மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள்.

"அண்ணன் தெனமும் இதுக்குத்தான் வெளக்கேத்துறாராம்," என்றாள். சிரிப்புமாதிரி ஒன்று வந்தது அவளுக்கு. எனக்குத்தான் அழுகை.

அந்தக் கடைவீடு இப்போது வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற இடம். போஸ் இல்லை. அந்த நாளைய வட்டுகள் என் அலமாரியில் கிடக்கின்றன, படிக்க எந்த இயந்திரமும் இல்லை.

அந்தக் கல்யாணத்தன்றைக்குத் தங்கை மகளிடம் கேட்டேன், "அந்த ஆளத் திரும்பக் கொண்டுவர முடியுமா?"

"முடியும். ஆனா ஏன் பெரியம்மா? யாரது, நமக்குத் தெரிஞ்சவங்களா?"

"இல்ல. யாருக்காவது தெரிஞ்சவரா இருப்பாரு. கொண்டுவா."