அங்கே நூர்ந்து இங்கே எரிந்த விளக்கு

அன்று பாதையில் இருந்தவர்கள்: நான். இயந்திரம் ஓட்டும் என் மச்சான். பிரதேச சபைத் தவிசாளர். அவருடைய சாரதி. தவிசாளரோடு ஒன்றாகப் படித்து, அமெரிக்காவில் இருந்து லீவில் வந்திருந்த ஒருவர். ஸ்கூட்டியோடு ஒரு டீச்சர்.

பாதை என்பது எங்களுக்கு ரோட்டு இல்லை. வாவியைக் கடக்கிற இரும்புத் தட்டு. வாகனம், சனம், நெல்மூட்டை எல்லாம் அதில் ஏறும். துறையில் கயிறு கட்டுவதும் ஏறும் வாசலில் சங்கிலி போடுவதும் என் வேலை.

என் தம்பியை மேற்குத் துறையில் வைத்துத்தான் வெட்டினார்கள். அங்கே தோணியில் கசிப்பு என்னும் கள்ளச் சாராயக் கான்கள் இறங்குவதை அவன் பொலிசில் போய்ச் சொன்னான். கொஞ்ச நாளில் சபை ஆட்கள் வந்து துறை விளக்கைக் கழற்றினார்கள். திருத்த வேண்டும் என்றார்கள். கம்பம் நின்றது, வயர் தொங்கியது. அடுத்த கிழமை தம்பி மீனோடு கரையேறும்போது நல்ல இருட்டு. வெட்டியவனைக் கண்டவர் எவரும் இல்லை. கசிப்பு முதலாளியைப் பிடித்தார்கள், பிணையில் விட்டார்கள். அவர் தவிசாளருக்குத் தேர்தல் வேலை செய்தவர். தம்பியின் முப்பத்தோராம் நாள் முடிவதற்குள் அந்த முதலாளியின் வீட்டுக் கேட்டில் புதிதாக ஒரு வெள்ளை விளக்கு எரிந்தது. வாவியில் நின்று பார்த்தாலே தெரியும். தினமும் பார்த்தேன். மச்சானும் பார்த்தார். அவருடைய தங்கச்சிதான் என் தம்பியின் பெண்சாதி.

நாங்கள் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. தவிசாளர் தேர்தலில் விழ வேண்டும். அது இருவருக்கும் தெரியும்.

விளக்குப் போன நாளில் இருந்து பொழுது படமுன் கடைசி ஓட்டத்தை முடித்துவிடுவோம். அன்றும் முடித்துக் கயிற்றைக் கட்டிவிட்டோம். இருட்டிய பிறகு தவிசாளரின் வாகனம் வந்தது. அக்கரையில், மேற்குத் துறைக்குப் பக்கத்தில், அவருக்குத் தேர்தல் கூட்டம்.

"கட்டின கயித்த அவிழுங்க. சனம் பாத்துக்கிட்டு இரிக்கி," என்றார்.

அவிழ்த்தேன். பிந்தி வந்த டீச்சரும் ஏறிக்கொண்டார்.

அமெரிக்காக்காரர் வழியெல்லாம் கதைத்தார்.

"எங்கட சிற்றியில முந்தி ஒவ்வொரு கிழமையும் துவக்குச் சூடு. புது மேயர் வந்தாப் பிறகு குறைஞ்சிட்டு."

"அப்ப ஆள் கெட்டிக்காரன்தான்," என்றார் தவிசாளர்.

"அதுக்குத்தான் அங்கயும் சண்டை. பக்கத்துச் சிற்றியில மேயர் மாறல்ல, அங்கயும் குறைஞ்சிட்டாம். மேயரால இல்ல, காலத்தால எண்டு சொல்றவங்களும் இரிக்காங்க."

தவிசாளருக்கு முகம் மலர்ந்தது. "பாத்தியா! வெட்டுக் கொத்துக்கும் சபைக்கும் என்னடா சம்பந்தம்? பொலிஸ் என்ட கையிலயா கிடக்கு? என்ட கையில இரிக்கிறது குப்பையும் ரோட்டு லைட்டும்தான்."

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் இயந்திரத்தைத் தணித்தார். பாதை நடு வாவியில் நின்றது.

"ஏன் நிக்கிது?"

"அக்கரை இருட்டு சேர்," என்றார் மச்சான். "வலைக்கம்பு தெரியாது. லைட் இல்லாத துறையில கட்டப்படாது. சட்டம்."

"ஆருகா போட்ட சட்டம்?"

"துறையில போர்ட் நட்டிருக்கு சேர். உங்கட பேர்தான் கீழ கிடக்கு."

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்தினார்.

"வேணுமெண்டாத் திருப்புறன்," என்றார் மச்சான். "திருப்பினா இண்டைக்கு இனி ஓட்டம் இல்ல."

அக்கரையில் ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது. தவிசாளர் இதோ வந்துகொண்டிருக்கிறார், இதோ வந்துவிட்டார் என்றது. அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போன் எடுத்தார். மெதுவாகத்தான் பேசினார். தண்ணீரில் குரல் நிற்காது, எல்லாருக்கும் கேட்டது.

"கழட்டு... ஓம், உன்ட கேட்டில இரிக்கிறதத்தான். சொல்றதச் செய்."

கொஞ்ச நேரத்தில் கரையில் அந்த வெள்ளை வெளிச்சம் நூர்ந்தது. எல்லாரும் பார்த்தோம். ஒரு மோட்டார் சைக்கிள் துறைப் பக்கம் வந்தது. டோர்ச் அடித்தார்கள், ஏணி சாத்தினார்கள். பிறகு துறைக் கம்பத்தில் வெளிச்சம் வந்தது.

"அங்க நூந்திட்டு, இங்க பத்துது," என்றார் டீச்சர்.

அமெரிக்காக்காரர் என்னிடம் கேட்டார். "அண்ணன், இந்த லைட் முந்தி இங்கயா இருந்த?"

"ஓம்."

"எப்ப கழட்டின?"

"என்ட தம்பிய வெட்ட ஒரு கிழமைக்கு முன்ன."

அவர் நண்பரைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு போன்தானேடா," என்றார்.

துறையில் கட்டினோம். தம்பி விழுந்து கிடந்த கல் வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. அதைத் தாண்டித்தான் எவரும் போக வேண்டும். சங்கிலியை மெதுவாக அவிழ்த்தேன்.

"பாத்து இறங்குங்க சேர்," என்றேன். "அந்த இடம் வழுக்கும்."

டீச்சர் கண்டதை ஊரில் சொன்னார். நானும் வேலை முடிந்து இரண்டு கரையிலும் வீடு வீடாகப் போனேன். விளக்குப் போனது, தம்பி செத்தது, கேட்டில் எரிந்தது, ஒரு போனில் திரும்பி வந்தது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தேர்தலில் அந்த ஆள் விழுந்தார். அன்று நான் வயிறு நிறையச் சோறு தின்றேன்.

இப்போது வேறொருவர் தவிசாளர். விளக்கு எரிகிறது. அமெரிக்காக்காரர் மச்சானின் போனுக்கு எடுத்து, கொலை குறைந்ததா என்று கேட்டார். "எங்கட துறையில இல்ல. மத்த ஊர்ல வெட்டுறாங்கதான்," என்றார் மச்சான். மேயராலா, காலத்தாலா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. விளக்கைக் கழற்றியவரைத் தெரியும். தம்பியின் வழக்கு இன்னும் தவணை தவணையாகப் போகிறது. நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

தவிசாளருக்காகப் பாதை காத்து நிற்பது பழைய வழக்கம். விழுந்தவருக்கு அது இல்லை. இப்போது அவர் மோட்டார் சைக்கிளில் வருகிறார். வளைவில் ஆளைக் கண்டதும் சங்கிலியைப் போட்டுவிடுவேன். கையைக் காட்டி, "டேய், கொஞ்சம் நில்லுங்கடா!" என்று கத்துவார். இயந்திரச் சத்தத்தில் மச்சானுக்குக் கேட்பதில்லை.

இதுவரை ஒன்பது தடவை.