மல்லாட்டை மூட்டைக்கு வேடிக்கை பார்க்கத் தெரியாது

எண்பதுகளின் நடுவில், ஒரு கார்த்திகை மாதத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் திண்டிவனத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு அங்கே வெல்டிங் பட்டறை. கை சும்மா இருக்காத மனுஷர். செஞ்சிக் கோட்டை பார்க்க வருகிறவர்களை ரோட்டிலும் ஏரியிலுமாக ஒரே வண்டியில் சுற்றிக் காட்டினால் என்ன என்று அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

காயலான் கடையிலிருந்து பழைய வேன் ஒன்றை ஓட்டி வந்தார். கூரையை அறுத்தெறிந்து, சுற்றிலும் கைப்பிடிக் கம்பி வைத்து, அடித்தட்டில் தண்ணீர் புகாமல் அடைத்து, இரண்டு பக்கமும் காலி தார் டிரம்களை வரிசையாகப் பற்றவைத்தார். தண்ணீரைத் தள்ளுவதற்குப் பின்னால் ஒரு விசிறி. தெருவே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவர் பற்றவைத்த எதுவும் விட்டுப்போய் நான் பார்த்ததில்லை.

என் அப்பாவுக்கு செஞ்சிப் பக்கம் சொந்த நிலம், அதில் மல்லாட்டைப் பயிர், நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். பெண்பிள்ளை பேச்சைக் கேட்டு அவர் வீட்டில் ஒரு செம்பைக்கூட இடம் மாற்றி வைத்ததில்லை. "வண்டின்னா ரோட்ல போவணும், படகுன்னா தண்ணீல போவணும். இந்த ரெண்டுங்கெட்டான நம்பி எம் பேத்திய ஏத்தாத" என்று என்னிடம் கறாராகச் சொன்னார். ஆனாலும் மாப்பிள்ளை கேட்டதும், ஆட்களுக்குப் பதிலாக ஏற்றிச் சோதித்துப் பார்க்க மூட்டைகளைக் கொடுத்தது அவர்தான்.

ஏரி நிரம்பி வழிந்ததும் சோதனை நடந்தது. ஆள் உட்காரும் இடத்திலெல்லாம் ஒவ்வொரு மல்லாட்டை மூட்டை. பார்த்துப் பார்த்து அடுக்கியது நான். வண்டி கரையிலிருந்து தண்ணீரில் இறங்கி, ஆடாமல் அசையாமல் ஒரு சுற்று போய்த் திரும்பியது. தெருவோடு சேர்ந்து சிரித்த சொந்தக்காரர்களே, முதல் பயணத்துக்கு இடம் கேட்டு முந்தினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். ஏறியவர்களில் பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். என் ஐந்து வயது மகள் என் பக்கத்தில். பேத்தியை எங்களை மட்டும் நம்பி விட மனமில்லாமல் அப்பாவும் முனகிக்கொண்டே ஏறினார். அவரையும் என் வீட்டுக்காரரையும் தவிர வேறு யாருக்கும் நீச்சல் தெரியாது.

கோட்டை வாசல் வரை ரோட்டில் போய்வந்து, பிறகு ஏரியில் இறங்கினோம். நடு ஏரிக்குப் போனதும் பாறை மறைவு விலகி, கோட்டை நிற்கும் ராஜகிரி மலை முழுசாகத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் பல நாள் ஒத்திகை பார்த்த பேச்சை எடுத்துவிட்டார். "எல்லாரும் சோத்தாங்கை பக்கம் பாருங்க. அதான் ராஜா கோட்டை."

பார்த்தார்கள். மொத்தமாக எழுந்து, வலப்பக்கம் வந்து, ஒருவர் தோளைப் பிடித்து ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பக்கத்து டிரம்கள் முங்கின. தண்ணீர் உள்ளே வந்தது. அலறிக்கொண்டு எல்லோரும் இடப்பக்கம் ஓட, இப்போது அந்தப் பக்கம் முங்கியது. இன்ஜின் நின்றுவிட்டது. என் மகள் கம்பிக்கு வெளியே இடுப்பு வரை தொங்கிக்கொண்டிருந்தாள். பாவாடையைப் பிடித்து இழுத்தேன்.

ஆனால் மூட்டை அடுக்கியவள் நான்தானே. அன்றைக்கு ஆடாத வண்டி இன்றைக்கு ஏன் ஆடுகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. மூட்டைக்கு எட்டிப் பார்க்கத் தெரியாது.

"அவங்கவங்க எடத்துல படுங்க. மல்லாட்டை மூட்டையாட்டம் கெடங்க, யாரும் தலைய தூக்காதீங்க" என்று கத்தினேன். யார் காதில் விழுந்தது? இன்னும் ஒரு ஓட்டம் ஓடினால் கவிழ்ந்துவிடும்.

அப்போது அப்பா, சலவை வேட்டியோடு, கணுக்கால் அளவு தண்ணீரில் நட்டநடுவே மல்லாந்து படுத்தார். ஏன் என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. படுத்தபடியே அந்தக் குரலில், "எம் பொண்ணு சொல்றது காதுல வுழல? ஜல்தியா படுங்க" என்றார்.

ஒவ்வொருவராகப் படுத்தார்கள். நானும் மகளை அணைத்துக்கொண்டு படுத்தேன். வண்டியின் ஆட்டம் மெல்ல அடங்கியது. என் வீட்டுக்காரர் வண்டியில் கிடந்த மூங்கில் கழியை ஊன்றி ஊன்றிக் கரை சேர்த்தார். அதுவரை ஒருவரும் கோட்டையைப் பார்க்கவில்லை. எல்லோரும் வானத்தைத்தான் பார்த்துக்கிடந்தோம்.

கரையில் என் வீட்டுக்காரர் ஒவ்வொருவரையும் கைபிடித்து இறக்கிவிட்டார். அப்பா வேட்டியைப் பிழிந்துகொண்டே, "வண்டி நல்லாத்தான் கீது மாப்ள. எதையும் பாக்க சொல்லாத, அவ்ளோதான்" என்றார். பயம் போய் அத்தனை பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு அந்த வண்டியில் நாங்கள் மனுஷர்களை ஏற்றவில்லை. டிரம்களை அறுத்தெடுத்துவிட்டு வண்டியை அப்பாவுக்கே கொடுத்தோம். மல்லாட்டை மூட்டைகளோடு விளைச்சலை ஏலம் விடும் கமிட்டிக்குப் போய்வந்து பல வருஷம் உழைத்தது.

அன்று கம்பியில் தொங்கிய என் மகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் யாராவது காகிதத்தில் ஒரு திட்டம் போட்டு எல்லாம் சரியாக வரும் என்று காட்டினால், "மூட்டையை ஏற்றிப் பார்த்தாயா, மனுஷரை ஏற்றிப் பார்த்தாயா?" என்றுதான் முதலில் கேட்பேன். கேட்கும்போதெல்லாம், நான் சொன்ன ஒரே சொல்லுக்காகச் சலவை வேட்டியோடு தண்ணீரில் படுத்த என் அப்பா கண்முன் வந்துவிடுகிறார்.