வெயிலுக்குத் திறந்த ஓடை

தினமும் காலை எட்டு மணிக்கு, முதுகில் தகர டின்னைக் கட்டிக்கொண்டு, அகமது என்ற மலாய்க்காரர் எங்கள் ஓடைக்கு எண்ணெய் தெளிக்க வருகிறார். நம் ஊரில் ஓடுகிற தண்ணீரில் ஒருவன் எண்ணெய் ஊற்றினால் அவன் கையைக் கட்டிவைத்துத்தான் மறுபேச்சு. இங்கே அது உத்தியோகம். கூழாங்கல்லை எண்ணிவிடலாம் போலத் தெளிந்த தண்ணீர். அதன்மேல் மயில்கழுத்து நிறத்தில் எண்ணெய் விரியும். அவர் என் பக்கம் திரும்பி, "பாகுஸ், இஞ்சே?" என்பார். நன்றாயிருக்கிறதா ஐயா என்கிறார். வேலையைக் கேட்கிறாரா, நிறத்தைக் கேட்கிறாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நானும் "பாகுஸ்" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்துகொள்கிறேன். அந்த எண்ணெய் டின் அவர் முதுகில் ஏறியதற்கு நான் எழுதிய ஒரு நோட்டீஸ்தான் காரணம் என்பது அவருக்குத் தெரியாது.

நான் மலாய் நாட்டில், பெக்கோக்குக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரசர். அதாவது, புண்ணுக்குக் கட்டுப்போட்டு, காய்ச்சலுக்குக் கொயினா கொடுத்து, டாக்டர் வரும்வரை டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருக்கும் ஆள். இதற்கு முன் கடலோரத்தில், பத்து பகாட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஆறு வருஷம் இருந்தேன். அங்கே சதுப்புக்காடு இருண்டு கிடந்தது. காட்டை வெட்டி, வாய்க்கால் பறித்து, வெயிலை உள்ளே விட்டார்கள், காய்ச்சல் குறைந்தது. கண்ணால் கண்ட சங்கதி. போதாக்குறைக்குப் பெட்டியில் சட்டையைவிடப் புஸ்தகம் அதிகம் வைத்திருப்பவன் நான். ஆகவே இந்தத் தோட்டத்துக்கு வந்த மாதமே, ஜனங்களுக்குக் கொசுவைப் பற்றித் தமிழில் எழுதிப் போடும்படி துரை சொன்னபோது, இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்றுதான் தோன்றியது.

முதல் நோட்டீஸை இப்படி ஆரம்பித்தேன்: "அன்பர்காள்! நீர்நிலைகளின்மேல் கவிந்த தாவர வர்க்கங்களை நிர்மூலமாக்கி, சூரிய கிரணங்கள் தடையின்றிப் பிரவேசிக்கச் செய்வீராக." விடியற்காலைப் பெரட்டில், ஆள் கணக்கு எடுக்கும் நேரத்தில், நானே உரக்கப் படித்தேன். மரியாதையாகக் கேட்டார்கள். கலைந்து போனார்கள். ஒருவரும் ஒரு புல்லைக்கூடக் கிள்ளவில்லை. சூரிய கிரகணம் வருகிறது என்று எண்ணி இரண்டு வீட்டில் அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சாமிக்கண்ணு கங்காணிதான் சொன்னார்: "ஐயா, நீங்க படிச்சது நல்லா இருந்துச்சு. கோயில்ல ஐயர் சொல்ற மாதிரியே. ஆனா எங்களை என்ன செய்யச் சொல்றீங்க?"

அன்றிலிருந்து ஒரு வாரம் அவரை எதிரில் உட்கார்த்தி வைத்து எழுதினேன். ஒவ்வொரு வரியையும் படிப்பேன். அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினால் அந்த வரி புரியவில்லை என்று அர்த்தம், அடித்துவிடுவேன். மென்றுகொண்டேயிருந்தால் வைத்துக்கொள்வேன். கடைசியில் மிஞ்சியது மூன்று வரி: "காய்ச்சல் கொசு நிழல் தண்ணியில் முட்டை போடுது. ஓடைக்கரைச் செடிகொடியை வெட்டுங்க. வெயில் படட்டும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை, கூலிகள் குடியிருக்கும் லயத்து ஜனம் முழுவதும் கத்தியோடு ஓடையில் இறங்கிவிட்டது. முன்னால் நின்று வெட்டியவள் அஞ்சலை. ரப்பர் பால் வெட்டுகிறவள், புருஷன் இல்லாதவள், ஏழு வயதில் பொன்னி என்று ஒரு பெண். சாயங்காலத்துக்குள் ஓடை சவரம் செய்த முகம்போல் பளிச்சென்று ஆனது. விஞ்ஞானத்தைப் பாமரருக்குச் சொல்லத் தமிழில் முடியாது என்கிற பட்டணத்து மேதாவிகளை மனத்துக்குள் ஒரு பிடி பிடித்தேன். அன்றைக்கு நான் நடந்த நடையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இரண்டு மாதத்தில் லயத்தில் குளிர்காய்ச்சல் புகுந்தது. வீட்டுக்கு ஒருவர் படுத்தார்கள். சுகாதார டாக்டர், வெள்ளைக்காரர், ரயிலில் வந்தார். வெள்ளைப் பீங்கான் அகப்பையால் ஓடைத் தண்ணீரை முகந்து பார்த்தார். பிறகு கரையைப் பார்த்து, "இதை இப்படித் திறந்துவிட்டது யார்?" என்றார். பாராட்டு வருகிறது என்று நினைத்து, தலையைக் குனிந்து, "நான்தான் சார்," என்றேன். அகப்பையை என் கையில் கொடுத்தார். காய்ச்சல் கொசுவின் கூத்தாடிப் புழுக்கள், சிறு துரும்புகளாகத் தண்ணீரின் மேல்மட்டத்தோடு ஒட்டிப் படுத்துக் கிடந்தன. கடலோரத்துக் காய்ச்சல் கொசுவுக்கு நிழல் வேண்டும். இந்த மலையடிவாரத்துக் கொசுவுக்குத் தெளிந்த தண்ணீரும் வெயிலும் வேண்டும். நிழல் இருந்தவரை அது இங்கே அதிகம் அண்டவில்லை. நான்தான் அதற்குக் கூரையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். என் தமிழ் யாருக்கும் புரியாமலே இருந்திருந்தால் இவ்வளவு பேர் படுத்திருக்கமாட்டார்கள்.

மறுநாள் அஞ்சலை பொன்னியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். ஏழு வயதுப் பெண், இடுப்பில் தூக்கி வைக்கிற அளவுக்கு இளைத்திருந்தது. கண் செருகிக் கிடந்தது. கொயினாவை ஊற்றிக்கொண்டு போனேன். அவள் பெண்ணின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"இது எந்த நோட்டீசு ஐயா?"

"நோட்டீஸ் இல்லை அஞ்சலை, மருந்து. இதைக் குடிக்காவிட்டால் பிள்ளை பிழைக்காது."

"வெட்டச் சொன்னப்பவும் இதே மாதிரி உறுதியாத்தான் சொன்னீங்க. நாந்தான் முன்னாடி நின்னு வெட்டினேன். இப்ப லயத்துல என்னைத்தான் ஏசுறாங்க. டாக்டர் துரை என்ன சொன்னாரு?"

ஆயிரம் சமாதானம் நாக்கு நுனியில் இருந்தது. கடலோரம், மலையடிவாரம், ஜாதி ஜாதியாகக் கொசு. அவள் கை பெண்ணின் வாயிலிருந்து எடுபடவில்லை.

"நான் எழுதினது தப்பு," என்றேன்.

"அதை எழுதிப் போடுங்க. கொசுவைப் பத்தி அப்பறம் எழுதலாம்."

"போடறேன்."

"மொத வரியில."

"முதல் வரியில்."

கையை எடுத்தாள். பொன்னி பாதியைத் துப்பியது, மீதியை விழுங்கியது. அதன்பின் பத்து நாள் அஞ்சலை தவறாமல் கொண்டுவந்தாள். பெண் பிழைத்தது. முன்போல ஓடவில்லை, நடக்கிறது.

மூன்றாவது நோட்டீஸைக் கங்காணிக்குப் படித்துக் காட்டவில்லை. நேரே பெரட்டில் படித்தேன்: "நான் சொன்னது தப்பு. அதனால உங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சு. கொயினா குடிங்க. கொசுப்புழு சாக ஓடையில எண்ணெய் தெளிக்க ஆள் வருவாரு, தடுக்காதீங்க. கரைச் செடி வளரட்டும்." என் வாழ்நாளில் எழுதியதில் அதுதான் ஒருவர்கூட விளக்கம் கேட்காத எழுத்து. சுவரில் ஒட்டப் போனபோது பழைய நோட்டீஸை உரிக்க முடியவில்லை. பெருமையில் ரப்பர் பாலால் ஒட்டியிருந்தேன். ஆகவே வெட்டச் சொல்வது மேலேயும், வெட்டாதே என்பது கீழேயும், இரண்டிலும் என் கையெழுத்தோடு இன்னும் இருக்கின்றன. கடலோரத்திலிருந்து வருகிறவர்கள் மேலே உள்ளதைப் படித்துத் தலையாட்டுகிறார்கள். அவர்கள் ஆட்டுவதும் சரிதான்.

இப்போது நான் பிறந்த ஊர்ப் பத்திரிகையிலிருந்து, நம் ஜனங்களுக்குக் கொசுவைப் பற்றி எளிய நடையில் எழுதும்படி கேட்டிருக்கிறார்கள். எளிய நடை கைவசம் இருக்கிறது. அதுதான் பயம். வாசிக்கிற புண்ணியவான்களே, உங்கள் வாய்க்கால் கரையை என் பேச்சைக் கேட்டு வெட்டவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். அகப்பையில் முகந்து பார்க்கத் தெரிந்த யாரையாவது கூப்பிடுங்கள். என்னைக் கூப்பிட்டுப் பயனில்லை. பிறந்தது முதல் இருபது வருஷம் அந்த ஊர் வாய்க்காலில்தான் குளித்தேன். அதன் நிழல் எந்தக் கரையில் விழும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இந்தத் தோட்டத்து ஓடையில் ஒருநாள்கூட இறங்கிக் குளித்ததில்லை. எந்த வளைவில் எத்தனை மணிக்கு வெயில் படும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.