அறுபது என்று நான் எழுதிக் கொடுத்த படகு

அந்தப் படகு மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் என்று நான் எழுதிக் கொடுத்தேன். போகாது என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும்.

கோயம்புத்தூரில் நாற்பது வருடம் பம்பு செய்தவன் நான். பொறியியல் படித்தவன், சூலூர் பக்கம் சொந்தப் பட்டறை வைத்திருந்தவன். வெள்ளகோவிலைச் சேர்ந்த நூற்பாலை முதலாளி ஒருவர், வெளிநாட்டில் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் ஜெட் படகில் ஏறிப் பார்த்துவிட்டு, அதுபோல் ஒன்று வேண்டும் என்று வந்தார். அணைத் தேக்கத்தை ஒட்டி அவருக்குத் தோட்டம் இருந்தது. படகு விட அனுமதியும் வாங்கி வைத்திருந்தார்.

நான் உடனே ஒப்புக்கொண்டேன். ஜெட் படகு என்றால் என்ன, படுக்கப் போட்ட பம்புதானே? அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கம் பீய்ச்சினால் படகு முன்னால் போகப்போகிறது. பம்பில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்ற நினைப்பு. ஆனால் பம்பு நின்ற இடத்தில் நின்று வேலை செய்யும். படகோ ஏறியவர்களின் கனத்தையும் சுமந்துகொண்டு தண்ணீருக்கு மேலே எழும்ப வேண்டும். எழும்பிவிட்டால் வழுக்கிக்கொண்டு பறக்கும். எழும்பாவிட்டால் மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுதுகொண்டே கிடக்கும்.

பம்பைப் பொருத்தியவர் என்னிடம் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்த ஃபிட்டர். துடியலூர்க்காரர். உள்ளே சுற்றும் இம்பெல்லர் சக்கரத்துக்கும் அதைச் சூழ்ந்த வளையத்துக்கும் நடுவில் மிகச் சிறிய இடைவெளிதான் இருக்கலாம். அது கூடிவிட்டால் தண்ணீர் பின்னுக்கு ஒழுகி வேகம் போய்விடும். அந்த இடைவெளியை இரண்டு நாள் உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படகை ஓட்டிப் பார்க்கப் போனோம். ஃபிட்டர் சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு நேராக வந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் படகில் கால் வைக்கப் போனவரை நான் தடுத்தேன்.

"நீங்க கரையிலயே நில்லுங்க. நீங்க ஏறுனா ரெண்டாள் கனமுங்க."

"எங்க ஊட்லயும் அதையேதான் சொல்றாங்க சார்" என்று சிரித்தார். காலை எடுத்துக்கொண்டு, "ஆனா மொதலாளி குடும்பத்தோடல்லங்க சார் ஏறுவாங்க? அஞ்சாறு பேர் ஏறுனா தூக்காதுங்க. என்னையும் வெச்சு ஒருக்கா ஓட்டிப் பாத்துரலாமுங்க" என்றார்.

"அதெல்லாம் தூக்கும்" என்றேன்.

கால் டேங்க் பெட்ரோலோடு, காற்று முதுகில் அடிக்க, நான் ஒருவனாக ஓட்டினேன். கைபேசியில் வேகம் ஒரு கணம் ஐம்பத்தெட்டு காட்டியது. கரைக்கு வந்து, 'ஐந்து பேருடன், நிறைந்த டேங்குடன், அறுபது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஃபிட்டர் அதை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

படகை ஒப்படைத்த நாளில் முதலாளி, அவர் மனைவி, அம்மா, ஊருக்கு வந்திருந்த மகள், மருமகன் எல்லோரும் வந்தார்கள். அடுக்குத் தூக்கில் சாப்பாடும் வந்தது. அத்தனையும் ஏறிற்று. நான் ஓட்டினேன். எஞ்சின் கத்திய கத்தலுக்குப் படகு மூக்கை மட்டும் தூக்கியது. முப்பதைத் தாண்டவில்லை. மருமகன் படம் பிடிக்க எடுத்த கைபேசியை மெல்லச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஏஞ்சாமி, இதுக்கு நம்ம பரிசலே தேவலையே!" என்றார் முதலாளியின் அம்மா. "அது இப்படிக் கத்தவாவது கத்தாது." எல்லோரும் சிரித்தார்கள், முதலாளியைத் தவிர.

கரையேறியதும் அவர் கேட்டார்: "ஏனுங்க, அறுபதுன்னு சொன்னீங்களேங்க?"

குரலில் கோபமே இல்லை. ஃபிட்டர் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் சொன்னேன்: "பம்பு பொருத்தினதுல கேப் கூடிப்போச்சுங்க. நம்ம ஃபிட்டர் கொஞ்சம் கவனிக்காம உட்டுட்டாரு."

வாய் தவறி வந்துவிட்டது என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். படகைத் திருப்பும்போதே அந்த வாக்கியத்தை நான் தயாராக வைத்துவிட்டேன்.

ஃபிட்டர் என்னைப் பார்த்தார். பிறகு முதலாளியிடம், "பிரிச்சுப் பாத்துர்றேனுங்க" என்றார். பட்டறையில் பிரித்து, அளவுத் தகட்டை வளையத்தைச் சுற்றி ஒவ்வோர் இடமாக நுழைத்து எனக்குக் காட்டினார். எங்கும் ஒரே அளவு. "சரி, மாட்டிருங்க" என்றேன். முதலாளிக்குப் போன் செய்து, குறையைச் சரிசெய்துவிட்டதாகவும், இனி இரண்டு பேருக்கு மேல் ஏற வேண்டாம் என்றும் சொன்னேன்.

அடுத்த வருடம் பட்டறையை மூடினேன். அதன்பின் இத்தனை வருடத்தில் ஃபிட்டரைப் பார்க்கப் போனதில்லை. போன மாதம்தான் துடியலூர் போனேன். உடம்பு வற்றி, இப்போது ஒரு ஆள் கனம்கூட இருக்க மாட்டார். காபி வந்தது. நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். கேப் சரியாக இருந்தது, பொய் சொன்னது நான், என்று.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எங்கிட்டச் சொல்லி என்னங்க சார் ஆகுது? எனக்குத்தான் தெரியுமே. அன்னைக்குக் கரையில நின்னவங்ககிட்டச் சொல்லுங்க."

மறுநாள் முதலாளிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவன் ஓட்டிவிட்டு ஐந்து பேர் என்று எழுதியதையும் சொன்னேன்.

"படகு கெடக்குதுங்க, அதை அப்பவே மூடிப் போட்டாச்சு" என்றார் அவர். "ஆனா உங்க பட்டறை மூடினப்ப அந்த ஃபிட்டர் எங்க மில்லுக்கு வேலை கேட்டு வந்தாருங்க. பம்பு, கம்ப்ரசர் எல்லாம் பாத்துக்கறேன்னாரு. வேலை சுத்தமில்லாத ஆளுன்னு நீங்க சொன்னது மனசுல இருந்துச்சு. இப்ப எடமில்லீங்கன்னு சொல்லி, சாப்புட வெச்சு அனுப்பிச்சுப்போட்டேனுங்க."

துடியலூரில் காபி குடித்தபடி நான் என் மனச்சுமையை இறக்கிக்கொண்டிருந்தபோது, ஃபிட்டர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெள்ளகோவில் வரை பஸ்ஸில் போய், என் வாக்கியம் தனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருப்பதை அறிந்து, அந்த வீட்டு இலையில் உட்கார்ந்து அவர் எப்படிச் சாப்பிட்டு எழுந்தாரோ.

இதுவும் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் தெரியாததுபோல் இருந்துவிட்டால், பட்டறையில் அந்த அளவைப் பார்த்த பிறகும் உண்மையைச் சொல்லாததுபோல், இரண்டாவது முறை நான் வாயை மூடிக்கொண்டதாகிவிடும். நாளை ஞாயிறு. பூசை முடிந்து அவர் வீடு திரும்பும் நேரத்துக்குப் போய் வாசலில் நிற்பேன்.