மூன்று வேகன் தூரம்

கூட்ஸ் வண்டிகளின் பழைய பதிவேடுகளைப் படித்துப் பொருள் கண்டுபிடிப்பது என் பொழுதுபோக்கு. காஞ்சிபுரத்தில் இதைச் சொன்னால், கேட்பவர்கள் என் மனைவியைத்தான் இரக்கத்தோடு பார்ப்பார்கள். பழைய பேப்பர் கடையில் வாங்கிய வாலாஜாபாத் கூட்ஸ் ஷெட் பதிவேடுகள் எங்கள் கட்டிலில் பாதியைப் பிடித்திருக்கின்றன. மீதிப் பாதி யாருக்கு என்பதில் தகராறு இல்லை. நான் தரையில் படுக்கிறேன்.

அவற்றில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. மற்ற அரிசி மில்களின் வேகன்களுக்கெல்லாம் முழு எண்ணில் எடை. மூட்டையை எண்ணிப் பெருக்கி எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒரு மில்லின் வேகன்களுக்கு மட்டும் சில்லறை சில்லறையான எடை. அப்படியென்றால் அங்கே உண்மையாகவே நிறுத்திருக்கிறார்கள். மில்லுக்குள் போன கிளைத் தண்டவாளத்தில் வேகனை நிறுக்கும் எடைமேடை இருந்திருக்க வேண்டும். எடைமேடைக்கு அடியில் ஆள் இறங்கி நிற்கும் ஆழத்துக்குப் பள்ளம் உண்டு. தண்டவாளத்தைப் பிடுங்கியவர்கள் அதைத் தூர்த்தார்களா, மேலே கல்லைப் பரப்பி மண்ணைத் தள்ளிவிட்டுப் போனார்களா என்று பதிவேடு சொல்லவில்லை.

அந்த மில் இப்போது என் கல்லூரித் தோழனுடையது. நெல் அவிக்கப் புது பாய்லர் வருகிறது, டிரெய்லர் லாரி முற்றத்துக்குள்ளேயே வந்துவிடும், பூஜைக்கு வா என்று போனில் அழைத்தான். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஓடினேன்.

“இன்னாப்பா, பூஜைக்குக் கூப்ட்டா பள்ளம் இருக்குதுன்னு பயமுறுத்திக்கினு இருக்க?”

“லாரி உள்ள போச்சுன்னா டிரைவரும் சேர்ந்துதான் போவாரு.”

பாய்லரோடு வந்து நின்ற லாரியிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்தார். “சார் ரயில்வேயா?”

“இல்லைங்க, பட்டுக்கடையில கணக்கு எழுதறேன்.”

“அப்ப சரி” என்று இன்ஜினைக் கிளப்பினார்.

நான் விடவில்லை. பதிவேட்டிலிருந்து போனில் படமெடுத்து வைத்திருந்த ஒரு குறிப்பைக் காட்டினேன். மில் கேட்டுக்கும் எடைமேடைக்கும் நடுவே மூன்று வேகன் நிற்கிறது, நாலாவதற்கு இடமில்லை என்று யாரோ புலம்பியிருந்தார். கேட்டிலிருந்து மூன்று வேகன் நீளத்தை அடியால் அளந்து, தோழனின் மனைவி கொடுத்த கோலமாவில் வட்டம் போட்டேன். பாய்லரை இறக்க ஒதுக்கிய இடத்திலேயே அது விழுந்தது. தோழனின் முகம் சுருங்கிவிட்டது.

“யப்பா டிரைவரு, அந்தப் பக்கமா தள்ளி வுடு.”

எதிர்ப்பக்கத்தைக் கை காட்டி, ரிவர்ஸில் வந்த லாரிக்கு “வா, வா, ரைட்டு” என்று நானே சத்தம் கொடுத்தேன். இவ்வளவு பெரிய வண்டி என் சொல்லைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“இருங்க, பூசணிக்கா உடைக்காம இறக்கக் கூடாது” என்றார் தோழனின் மனைவி. லாரி நின்றது. குங்குமம் அப்பிய பூசணிக்காயைத் தோழன் சுற்றி, பின்சக்கரங்களுக்குப் பின்னால் ஓங்கிப் போட்டான்.

பூசணிக்காய் ‘சத்’தென்று உடையும். இது உடைந்ததும் தரைக்குள்ளிருந்து ‘தொம்’ என்றது.

பூஜை முடிந்தது என்று டிரைவர் ரிவர்ஸைப் போட்டார். சக்கரம் உருண்டது. தோழனின் மனைவி லாரியின் பக்கவாட்டில் படபடவென்று அறைந்தார். சக்கரம் பூசணித் துண்டை மிதித்து நின்றது.

தோழன் கடப்பாறையால் மெல்லக் கிளறினான். ஒரு கல்லின் விளிம்பு தெரிந்தது. அதன் ஓரமாக மண் உள்ளே சரிந்தது. அது விழுந்த சத்தம் சற்றுப் பொறுத்தே கேட்டது.

“சார்,” டிரைவரின் குரல் மெலிந்திருந்தது. “முன்னாடி எடுக்கலாமா? அங்கயும் ஏதாச்சும் எழுதியிருக்குதா?”

நான் போனில் குறிப்பைத் தேடினேன். அவரே முடிவு செய்தார். லாரி முன்னால் ஊர்ந்தது. கல் ஒருமுறை முனகியது. பின்சக்கரங்கள் அதை விட்டு விலகின.

“கேட்டு எப்பவும் இங்கதான் இருந்துச்சா?” என்றேன்.

“பழசு அதோ, அந்தச் செவுத்துல இருந்துது. எங்கப்பா வாஸ்து பாத்து ஈசான மூலைக்கு மாத்தினாரு. ஏம்பா?”

நான் வாஸ்துவிலிருந்து மூன்று வேகன் அளந்திருந்தேன். அதைக் கொண்டு லாரியைப் பள்ளத்துக்கே வழிகாட்டி அழைத்துப் போயிருந்தேன்.

“அப்ப பாய்லர எங்கதாம்பா இறக்கறது?”

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். போனைப் பைக்குள் வைத்தேன்.

“இன்னொரு பூசணிக்கா இருக்குதா?”