இடது தோளுக்குச் செய்த துப்பாக்கி

ஆம்ப்ரோஸ் பெவனுக்கு மனதில் எதுவுமே உறைப்பதில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது அவர் மனைவி க்வெண்டா. பிப்ரவரியில் ஒருநாள், தன் அக்கா மூன்று வாரம் வந்து தங்கப்போகிறாள் என்று அவள் சொன்னாள். பெவன் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல் "சரி" என்றார். இத்தனை வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்த அக்காவின் பெயருக்கு அவர் சரி சொன்னதே கிடையாது. க்வெண்டா மறுநாள் காலையில் டாக்டருக்குப் போன் போட்டாள்.

டாக்டர் சின்னப் பெண். கனிவாகத்தான் கேட்டாள்.

"தூக்கம் எப்படி?"

"வருது."

"பசி?"

"நேரமானா சாப்பிடறேன்."

"மனசு எப்படி இருக்கு மிஸ்டர் பெவன்?"

இந்த இடத்தில் இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயர்க்காரர்கள் எல்லோரும் "பரவாயில்ல, குறை சொல்லக்கூடாது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவார்கள். பெவன் யோசித்தார். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்வது அவர் தொழில் பழக்கம். "இருக்கா இல்லையான்னே தெரியல டாக்டர். மரத்துப்போன கால் மாதிரி இருக்கு. வலியெல்லாம் இல்ல."

அவள் எழுதிக்கொண்டாள். பிறகு, வீட்டில் துப்பாக்கி ஏதாவது உண்டா என்று கேட்டாள். அதற்கும் அவர் சரியான பதிலையே சொன்னார்.

பெவன் முப்பத்தொரு வருடம் லட்லோ வட்டாரத்தில் வண்டி ஓட்டும் தேர்வு வைத்தவர். பக்கத்து இருக்கையில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு ஆள் வியர்த்து நடுங்கி ரவுண்டானாவைத் தப்பாகச் சுற்றும்போது முகத்தில் ஒரு தசைகூட அசையாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடைசியில் "இந்தத் தடவை நீங்க தேறல" என்று, வானிலை அறிக்கை வாசிப்பதுபோலச் சொல்ல வேண்டும். அழுதவர்கள் உண்டு, திட்டியவர்கள் உண்டு. ஒரு பாதிரியார் கதவை உதைத்திருக்கிறார். பெவன் முகம் மாறியதில்லை. அதனால்தான், முகத்துக்குப் பின்னால் இருந்தது எப்போது காலியாயிற்று என்று அவருக்கே தேதி தெரியவில்லை.

ஆகவே, டாக்டர் தகவல் சொல்லி லைசென்ஸ் ரத்தாகி, துப்பாக்கியை எடுத்துப்போகக் கான்ஸ்டபிள் வந்தபோது பெவனுக்கு வருத்தமில்லை. விதி என்றால் விதி. தகுதியில்லாதவன் கையில் சாவியைக் கொடுக்கக்கூடாது என்று ஒரு வாழ்நாள் முழுக்கச் சொன்னவர் அவர். வருத்தப்பட்டது கான்ஸ்டபிள்தான். டீ குடித்தான், பிஸ்கட்டை மட்டும் மறுத்தான், "ஒரு வருஷம் கழிச்சு திரும்ப விண்ணப்பிக்கலாம் சார், டாக்டர் சரின்னா கொடுத்துருவாங்க" என்று மூன்று விதமாகச் சொன்னான். துப்பாக்கி, ஹெஸ்டர் குவின்டனின் கடையில் இரும்பு அலமாரிக்குப் போனது. ஹெஸ்டர் அறுபது வயதுப் பெண்மணி. அந்தப் பக்கத்தில் பழைய துப்பாக்கி வாங்கி விற்பவள் அவள் ஒருத்திதான்.

ஆகஸ்டில் பெவன் அவளுக்குப் போன் செய்து, விற்றுவிடு என்றார்.

"ஏன், என்ன அவசரம்?"

"அவசரமெல்லாம் இல்ல. வெச்சிருக்கணும்னும் தோணல."

"உனக்கு எதுவும் தோணாம இருக்கிற நேரத்துலயா இதை முடிவு பண்றே? ஒரு வருஷம் பொறு, ஆம்ப்ரோஸ். இது போனா இன்னொண்ணு இப்படிக் கிடைக்காது."

"தெரியும்" என்றார் பெவன். தெரியத்தான் செய்தது.

அந்தத் துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பர்மிங்ஹாமில் செய்தது, ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பது. பக்கம் பக்கமாக இரண்டு குழல்கள், வெளியே நிற்கும் இரண்டு சுத்தியல்கள். முறுக்கிய இரும்பில் அடித்த குழல்கள். மேலே, மழைத்தண்ணீர் ஓடிக் காய்ந்த தடம்போல வரிவரியாக இருக்கும். விசேஷம் அதில் இல்லை. அது இடதுகைக்காரர் ஒருவருக்காகச் செய்தது. தோளில் வைக்கும் கட்டை, கண்ணும் குழலும் ஒரே கோட்டில் வருவதற்காக, ஒரு பக்கமாக லேசாக வளைந்து போகும். இதில் அது தப்பான பக்கம் போகிறது. அதனால்தான் ஏலத்தில் யாரும் கையைத் தூக்கவில்லை, அதனால்தான் முப்பத்துச் சொச்ச வயது அரசு ஊழியன் ஒருவனால் அதை வாங்க முடிந்தது.

பெவன் வலதுகைக்காரர். கட்டையில் துணி சுற்றிக் கொதிக்கும் ஆளி எண்ணெய் ஊற்றினால் மரம் இளகும், வேண்டிய பக்கம் வளைத்துக்கொள்ளலாம், ஒரு மத்தியான வேலை. எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். பெவனோ, நூறு வருடம் ஒரே பக்கம் பார்த்த மரத்தைத் திருப்புவது மரியாதையில்லை என்று நினைத்து, தான் இடது பக்கம் திரும்பிக்கொண்டார். இடது தோள், இடது கண், இடது விரல். நாலு வருடம் அவர் சுட்டு, குறிக்காக வானில் எறியும் களிமண் தட்டு ஒன்றுகூட உடையவில்லை. துப்பாக்கிக் கழகத்தில் அவரைத் தட்டுகளின் பாதுகாவலர் என்றார்கள். ஐந்தாம் வருடம் உடைய ஆரம்பித்தது. மற்ற எல்லா விஷயத்திலும் நிதானமான மனிதர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

செப்டம்பர் முதல் ஞாயிறு, க்ளீ குன்றின் அடிவாரத்தில், இரட்டைக்குழல் கழகத்தின் வருடாந்தரக் கூட்டம். முதல்நாள் ஆடுகளை அடுத்த வயலுக்கு ஓட்டியிருப்பார்கள். புழுக்கையை யாரும் ஓட்டுவதில்லை. நல்ல வெயிலில் கம்பளிக் கோட்டும் டையுமாக ஐம்பது அறுபது பேர். மடக்கு மேசைகளில் பச்சைத் துணி விரித்து, துப்பாக்கிகளைத் திறந்த நிலையில் கிடத்தியிருப்பார்கள். வாங்க வந்தவர்களைவிட, போன வருடம் வாங்கியதற்கு நியாயம் சொல்ல வந்தவர்கள் அதிகம்.

பெவனிடம் லைசென்ஸ் இல்லை. ஆனால் அந்த மைதானத்துக்கென்று வாங்கியிருக்கும் அனுமதியில் நாயை நடத்திக்கொண்டு வந்த வழிப்போக்கன்கூட அன்று சுடலாம். தன் துப்பாக்கியைத் தன் வீட்டில் பூட்டி வைக்கக்கூடாதவர், அதைத் தோட்டா போட்டு ஐம்பது பேர் நடுவில் வெடிக்கலாம். சட்டத்தில் இதற்குக் காரணம் உண்டு. பெவனுக்கு அது பிரிவு எண்ணோடு தெரியும்.

"ரட்ஜ் வர்றான்" என்றாள் ஹெஸ்டர். "குளியலறை ரட்ஜ். உன்னுதைப் பாக்கத்தான் வர்றான். முன்னாடியே சொல்லிடறேன். செவ்வாய்க்கிழமையே கட்டையை எண்ணெயில போட்டு வளைக்க ஆள் ஏற்பாடு பண்ணிட்டானாம்."

"அவரோட துப்பாக்கி ஆனப்புறம் அவர் இஷ்டம்."

"இதைச் சொல்லும்போது உனக்கு ஒண்ணுமே பண்ணலியா?"

பெவன் உள்ளே போய்த் தேடிப் பார்ப்பதுபோலக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். "இல்ல."

"சரி, போய்க் கடைசியா ஒரு தடவை சுட்டுட்டு வா. எனக்காக."

போனார். கழகத்தில் கரிமருந்துத் தோட்டாதான் வழக்கம். அது வெடித்தால் ஒரு சலவைக்கடை அளவுக்கு வெள்ளைப் புகை எழும். தட்டு உடைந்ததா இல்லையா என்று சுட்டவனைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரியும். சுட்டவன் புகைக்குள் நின்றுகொண்டு பின்னால் இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பெவன் கட்டைவிரலால் இரண்டு சுத்தியலையும் இழுத்தார், "ம்" என்றார், தட்டு பறந்தது, வெடித்தது.

"உடைஞ்சிடுச்சு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அடுத்ததும் உடைந்தது. அதற்கடுத்ததும். பத்துத் தட்டு முடிந்தபோது ஒன்றே ஒன்றுதான் தப்பியிருந்தது. அதையும் காற்று தூக்கிவிட்டது என்று பார்த்தவர்கள் சத்தியம் செய்தார்கள். இந்த முப்பது வருடத்தில் அவர் ஐந்தைத் தாண்டியதில்லை. வழக்கமாக அவர் தட்டு பறப்பதற்கு முன்பே தவறவிட்டதைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்துவிடுவார். அன்றைக்குக் கவலைப்பட உள்ளே ஆள் இல்லை. கை தட்டினார்கள். "என்ன சாப்பிட்டு வந்தீங்க பெவன்?" என்று ஒருவர் கேட்டார். டாக்டர் கொடுத்த மாத்திரையின் பெயரைப் பெவன் சொன்னார். அவர் நகைச்சுவையாகச் சொன்னதாக எடுத்துக்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள்.

புகை கலைந்தபோது டென்ஸில் ரட்ஜ் நின்றுகொண்டிருந்தார். குளியலறைத் தொட்டியும் குழாயும் விற்று மூன்று ஊரில் கடை வைத்தவர். கெட்டவர் இல்லை, இரண்டு வருடமாகத்தான் பழைய துப்பாக்கி சேர்க்கிறார், காதல் புதிது, அதனால் சத்தம் அதிகம்.

"இப்படிச் சுடுற துப்பாக்கிய எதுக்குப் பெரியவரே விக்கறீங்க?"

"சுட்டது துப்பாக்கிதான்னா உங்களுக்கும் சுடும்" என்றார் பெவன்.

"அப்படிப் போடுங்க. கொடுங்க பாப்போம்."

ஹெஸ்டரின் மேசையருகே ரட்ஜ் குழல்களைக் கழற்றி, ஒற்றை விரலில் தொங்கவிட்டு, நகத்தால் சுண்டினார். சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டு குழலையும் ஒட்டிய பற்றவைப்பு உள்ளே விட்டிருந்தால் ஓட்டைப் பானைபோலச் சத்தம் வரும். இது கோயில் மணியின் கடைசி இழுப்புபோல நீளமாக ஒலித்து அடங்கியது. யாரோ மெதுவாக, "அடேயப்பா" என்றார்.

"முடிஞ்சுது. எனக்கு வேணும்" என்றார் ரட்ஜ். "ஹெஸ்டர், நீங்க கேட்டதே இருக்கட்டும், பேரம் பேசல. பெவன், சம்மதம்தானே?"

"சம்மத..." என்று பெவன் வாயைத் திறந்தார்.

ரட்ஜ் சந்தோஷத்தில் குழல்களைத் திரும்ப மாட்டி, ஒரு கையால் துப்பாக்கியைத் தூக்கி, மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி மூடினார். சினிமாவில் மூடுவார்களே, அப்படி. 'டக்' என்று இரும்பு இரும்பில் அறைந்தது.

அந்த வயலில் பெண்டாட்டியைப் பற்றித் தப்பாகப் பேசலாம், ராஜாவைப் பற்றிப் பேசலாம். துப்பாக்கியை அறைந்து மூடக்கூடாது. குழலை அசையாமல் பிடித்து, கட்டையைத் தூக்கிக் கொண்டுவந்து, தூங்குகிற குழந்தையின் அறைக்கதவைச் சாத்துவதுபோல மூட வேண்டும். ஒவ்வொரு தடவை அறையும்போதும் கீலில் ஒரு மயிரிழை தேயும். நூற்று முப்பது வருடம் யாரும் அறையாததால்தான் அது இன்னும் இறுக்கமாக இருந்தது.

"கீழ வைங்க அதை."

சொன்னது பெவன். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் காதுமடல் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அவருக்கே முதலில் புரியவில்லை. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லையோ என்று நினைத்தார். ரட்ஜை அடிக்க வேண்டும்போல இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

"என்னாச்சு? நான் என்ன..."

"கீழ. வைங்க."

ரட்ஜ் வைத்தார். பெவன் துப்பாக்கியை எடுத்துத் திறந்து, கீலை விரலால் தடவிப் பார்த்து, மெதுவாக மூடினார். "விக்கறதா இல்ல" என்றார்.

ரட்ஜ் ஒருமுறை ஹெஸ்டரைப் பார்த்தார், ஒருமுறை சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். எல்லோரும் அவரவர் காலடிப் புழுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் போய்விட்டார்.

ஹெஸ்டர் மடக்கு நாற்காலியை விரித்துப் பெவனை உட்காரவைத்தாள். "கோவமா ஆம்ப்ரோஸ்?"

"ஆமாபோல இருக்கு."

"எத்தனை நாளாச்சு?"

"ஞாபகமில்ல." அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஹெஸ்டர், ஒண்ணுமே தோணலன்னதுக்குத்தான் எடுத்துட்டுப் போனாங்க. இப்ப ஒருத்தன அடிக்கணும்னு தோணிச்சுன்னு சொன்னா கொடுப்பாங்களா?"

"அதை ஏன் சொல்றே?"

"கேட்டா சொல்லணுமே."

"உன்னைக் கட்டிக்கிட்டவளுக்குச் சிலை வெக்கணும்" என்று சொல்லிவிட்டு டீ எடுக்கப் போனாள்.

டீ வருவதற்குள் கோபம் போய்விட்டது. பிடித்து வைக்கத்தான் பார்த்தார். அந்த 'டக்'கை மனதுக்குள் இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தார். கேட்டது, ஆனால் அடுத்த வீட்டுக் கதவுபோலக் கேட்டது. பழையபடி மரத்துப்போனது எல்லாம்.

அப்போது பார்த்து ரட்ஜ் திரும்பி வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"யாரோ சொன்னாங்க, நான் பண்ணது தப்புன்னு. சத்தியமா தெரியாது பெரியவரே. யாரும் சொல்லிக் கொடுக்கல, படத்துல பாத்ததுதான். இனிமே செய்ய மாட்டேன்." கொஞ்சம் தயங்கி, "கட்டையையும் வளைக்கல. நானும் உங்கள மாதிரி இடது பக்கம் பழகிக்கறேன். கொடுங்க" என்றார்.

நியாயமான பேச்சு. மனிதர் மனப்பூர்வமாகச் சொன்னார் என்பது முகத்திலேயே தெரிந்தது. மறுக்க ஒரு காரணம் இருக்கிறதா என்று பெவன் தேடிப் பார்த்தார். கோபம் இல்லை. ஆசை இல்லை. துப்பாக்கி மேசைமேல் கிடந்தது. அதைப் பார்த்தாலும் எதுவும் அசையவில்லை. ஆனால் கால்மணி நேரத்துக்கு முன்னால் கோபம் வந்தது என்பது நினைவிருந்தது; வேறு எதனாலும் வராதது இதனால் வந்தது என்பதும் நினைவிருந்தது. முகத்தைத் தேர்வாளர் முகமாக வைத்துக்கொண்டு யோசித்தார். தெரியாத விஷயத்தில் நேரில் பார்த்த ஆதாரத்தை மட்டும் வைத்துத்தான் அவர் எப்போதும் முடிவு எழுதியிருக்கிறார்.

"இல்லைங்க" என்றார். "எனக்கு இன்னும் வேண்டியிருக்கும்போல இருக்கு."

"அடுத்த வருஷம் கேக்கட்டுமா?"

"கேளுங்க. கேக்கறதுக்கு லைசென்ஸ் வேண்டாமே."

ரட்ஜ் சிரித்துவிட்டு, கைகொடுத்துவிட்டு, வேறு மேசைக்குப் போனார். அங்கே ஒரு துப்பாக்கியை, உடைந்துவிடுமோ என்று பயந்தவர்போல, மிக மிக மெதுவாக மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹெஸ்டர் துப்பாக்கியைத் தோலுறையில் போட்டுத் தன் வேன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். எவ்வளவு நாள் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு ஒரு தகர டப்பாவைத் திறந்து, பன்றிக்கறியை மாவுக்குள் வைத்து வேகவைத்த பண்டத்தில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள். பெவன் மென்றார்.

"எப்படி இருக்கு?"

"ருசி தெரியல." இன்னும் கொஞ்சம் மென்று பார்த்தார். "என் கோளாறா, இதோட கோளாறான்னு நிச்சயமா சொல்ல முடியல."

"நான்தான் பண்ணேன், ஆம்ப்ரோஸ்."

"அப்படியா" என்றார் பெவன். சரிபார்ப்பதற்காக இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.