தட்டினால் ஓடணும், கூப்பிட்டால் நிற்கணும்

போன வியாழக்கிழமை சாயங்காலம் காபி போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து தைல வாசனை வந்தது. வலிக்குத் தேய்க்கிற வாசனை இல்லை, ஓடுவதற்குத் தேய்க்கிற வாசனை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்காதீர்கள், பாட்டில் ஒன்றுதான். ஆனால் எங்கள் வீட்டுக்காரர் வலிக்குத் தேய்த்தால் முனகுவார், ஓடுவதற்கு என்றால் விசிலடிப்பார். விசில் கேட்டது. போச்சுடா என்று அடுப்பை அணைத்தேன்.

அறுபதைத் தாண்டி சில வருஷமாகிறது அவருக்கு. போன வருஷம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தாயிற்று. அதோடு ஷூவைப் பரணில் போட்டுவிட்டேன். இப்போது அந்த ஷூ கூடத்தில் நடுநாயகமாக உட்கார்ந்திருக்கிறது.

"டாக்டர் சரின்னுட்டார், டீச்சர்," என்றார். நான் சாந்தோமில் ஒரு மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கு அந்தப் பெயர்தான். "ஞாயித்துக்கிழமை மாரத்தான்ல பத்து கிலோமீட்டர். மெதுவா. இதான் கடைசி."

"கடைசின்னு எத்தனை தடவை சொல்லுவீங்க?"

"நான் சொல்றது இருக்கட்டும். டாக்டர் சொல்றது இதான் முதல் தடவை."

டாக்டர் ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறார். நெஞ்சில் கொஞ்சம் பிடித்தாலும் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் ஷூ லேஸைக் கோத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, "நானா நிக்க மாட்டேன். உனக்கே தெரியும். நீதான் நிறுத்தணும். நம்ம பழைய கணக்குதான். தட்டினா ஓடறேன், கூப்பிட்டா நிக்கறேன்," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆசை அவருக்கு, நிறுத்துகிற பாவம் எனக்கா? ஆனால் சத்தம் போடக்கூடத் தெம்பு இல்லை. ஓடுகிறவருக்காவது கழுத்தில் ஒரு மெடல் மாட்டுகிறார்கள். பார்க்கப் போகிறவள் விடியலில் எழுந்து, ஃப்ளாஸ்க்கில் காபி ஊற்றி, ரோட்டோரம் கால் கடுக்க நின்று, வெயில் ஏறியதும் திரும்பி வந்து மத்தியானச் சமையலையும் பார்க்க வேண்டும். எத்தனை வருஷமாக நிற்கிறேன்! அலுத்துவிட்டது, உண்மையாகவே அலுத்துவிட்டது. இருந்தாலும் ஸ்டூலைப் போட்டு ஏறித் தட்டைத் தேடினேன்.

அந்தத் தட்டின் கதையைச் சொல்ல வேண்டும் என்றால், அவர் பெயரை நான் ஏன் சொல்வதில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பெரிய கொள்கை எல்லாம் இல்லை. எங்கள் அம்மா சொன்னதில்லை, மாமியார் சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை, அவ்வளவுதான். கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் சாமியார் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொடுக்க, இன்னாரைக் கணவராக ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒரு தடவை சொன்னேன். வாய் உலர்ந்துபோயிற்று. பின்வரிசையில் யாரோ, "கேக்கல, சத்தமா!" என்று வேறு கத்தினார்கள். அதற்கப்புறம் "ஏங்க"தான். சமையலறையிலிருந்து கூடத்துக்கு அது போதும். கூடத்தைத் தாண்டித்தான் வம்பு.

கல்யாணமான புதிதில் அவர் ஆபீஸில் ஓடுகிற பைத்தியங்கள் மூன்று பேர். ஆபீஸ்களுக்கு நடுவே வருஷத்துக்கு ஒரு சாலை ஓட்டம் வைப்பார்கள். கிண்டியில் கிளம்பி, அடையாறு பாலம் ஏறி, சாந்தோம் வழியாக மெரினா. வேடிக்கை பார்க்க மனைவிமார் நாங்கள் மூன்று பேர்தான். மயிலாப்பூர் ஜானகி, ராயப்பேட்டை சரோஜா, நான். மற்றபடி பால் பூத்தில் நிற்கிறவர்கள். அதில் ஒருவர் ஓடுகிறவர்களைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, யாரைத் தொரத்திக்கினு போறாங்க?" என்று அக்கறையாகக் கேட்டார்.

பாலம் இறங்கிப் பட்டினப்பாக்கம் பக்கம் திரும்புகிற இடத்தில் நின்றோம். அங்கே ஆற்று நாற்றமும் கடல் காற்றும் ஒன்றாக வரும். ஒன்றை வேண்டாம் என்று மூக்கைப் பொத்தினால் இன்னொன்றும் கிடைக்காது. நம்மவர் கூட்டத்தின் நடுவில் வந்துகொண்டிருந்தார். தூரத்திலேயே தெரிந்துவிடும். எல்லாரும் முஷ்டியை மடக்கிக்கொண்டு ஓடுவார்கள், இவர் மட்டும் விரலைத் தளர்த்தி விட்டிருப்பார், உள்ளங்கையில் கோழிக்குஞ்சு வைத்திருப்பவர் மாதிரி. கை இறுகினால் உடம்பு இறுகிவிடும் என்பார். அவர் கையை மடக்கி நான் பார்த்தது பல் பிடுங்கப்போன இடத்தில். அப்புறம் அவர் அப்பாவை அடக்கம் செய்த அன்று.

பார்த்த சந்தோஷத்தில் என்னை மறந்து, "ஏங்க!" என்று கத்திவிட்டேன்.

ஐயோ, அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள்! யார் வீட்டில் என்ன ஆயிற்றோ என்ற பயம் ஒவ்வொரு முகத்திலும். ஒருவர் திரும்பிய வேகத்தில் முன்னால் போனவர் மேல் மோதி, இரண்டு பேருமாக உருண்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் திரும்பவில்லை. என் குரல் என்று தெரிந்து, வெட்கப்பட்டு, தலையைக் குனிந்துகொண்டு போயே போய்விட்டார்.

"இன்னா டீச்சரம்மா," என்றாள் சரோஜா, "ரோடு பூரா உன் ஊட்டுக்காரங்களா?"

அவளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. "யோவ்! இன்னாய்யா இது, சாமி ஊர்வலமா போய்க்கினு கீற? ஓடுய்யா!" என்பாள். அதற்கும் நாலைந்து பேர் திரும்புவார்கள். திரும்புகிறவர்கள் வேகமும் கூட்டுவார்கள் என்பதுதான் விசேஷம். ஜானகி, "ஏன்னா! லேஸ் அவுந்திருக்கு பாருங்கோ!" என்று கூவினால் வேறு மூன்று பேர் குனிந்து லேஸைப் பார்ப்பார்கள். மொத்தத்தில் எங்கள் மூவரால் அந்த ஓட்டத்துக்கு உபகாரத்தைவிட உபத்திரவம்தான் அதிகம்.

அன்று சாயங்காலம் அவர் சிரித்துச் சிரித்து இருமினார். பிறகுதான் தட்டு வந்தது. கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தட்டு, விளிம்பில் ஒரு நெளிசல். அதில் கரண்டியால் அடித்தால் சத்தம் நீளாமல் பட்டென்று முடிந்துவிடும். ஊரிலிருக்கும் அத்தனை தட்டையும் ஒன்றாக அடித்தாலும் நம்ம வீட்டுத் தட்டு எனக்குத் தெரியும் என்றார். "இனிமே நீ தட்டு, நான் ஓடறேன். ஏங்கன்னு கூப்பிட்டா ஏதோ பிரச்சனைன்னு அர்த்தம். நின்னுடறேன்." இதுதான் கணக்கு. அத்தனை வருஷத்தில் நான் கூப்பிட வேண்டி வரவில்லை. தட்டில்தான் நெளிசல்கள் கூடிக்கொண்டே போயின.

தட்டு என்றதும் பஸ் ஞாபகம் வருகிறது. பாலத்தில் பார்த்துவிட்டு, மெரினாவிலும் பார்த்துவிடலாம் என்று ஒரு வருஷம் பஸ் ஏறினோம். சாந்தோமில் பஸ் சரியாக எங்கள் வீட்டுக்காரர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. அப்போதெல்லாம் ரோட்டை முழுசாக மூடமாட்டார்கள். ஆபீஸ் ஓட்டத்துக்கு யார் மூடுவார்கள்? நான் ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டி அடிக்க, சரோஜா ஏச, ஜானகி தலையை வெளியே விட்டு லேஸைப் பற்றி விசாரிக்க, டிரைவர் வண்டியை நிறுத்தியே விட்டார். "ஒண்ணு அவங்களை ஏத்திக்கங்க, இல்ல நீங்க எறங்கி ஓடுங்க," என்றார். இறங்கி ஓடினோம். புடவையோடு, ஃப்ளாஸ்க்கோடு, தட்டோடு. பரிசு மட்டும் எங்களுக்கு யாரும் தரவில்லை.

எங்கே விட்டேன்? ஆ, ஞாயிற்றுக்கிழமைத் திட்டம்.

என் மகள் ரீட்டா அசோக் நகரில் இருக்கிறாள். சனிக்கிழமை மத்தியானமே சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, ஊதல், ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாவற்றோடும் வந்து இறங்கினாள். பத்து நிமிஷத்தில் சாப்பாட்டு மேஜை அவள் ஆபீஸ் ஆகிவிட்டது. எந்தெந்த ரோட்டை மூடுகிறார்கள், மெட்ரோவுக்குத் தோண்டிப்போட்டதில் எந்தச் சந்து மிச்சம், வண்டியை எங்கே விடுவது, எல்லாம் போனில் வைத்திருந்தாள். "அப்பா எங்க ஓடறார்னு இதுல ஒரு புள்ளி காட்டும்மா. நீ தேடவே வேணாம்."

"புள்ளிக்கு மூச்சு வாங்கினா காட்டுமா?" என்றேன்.

அவளுக்கும் பயம்தான். பேப்பரில் பெரிய எழுத்தில் அப்பா பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகமும் போட்டாள். "நீயும் பேரைச் சொல்லியே கத்து. எல்லாரும் அப்படித்தான். ஏங்கன்னா யாருக்கும்மா புரியும்?" என்றாள். புரிய வேண்டியவருக்குப் புரிந்தால் போதும் என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு வேகவைக்கப் போனேன்.

ஞாயிறு பூசை தவறிவிடும் என்று சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கே மூன்று பேரும் போனோம். இவர் வழக்கமாகப் பிரசங்கம் முடிகிறதா என்று வாட்சைப் பார்க்கிறவர். அன்று பார்க்கவில்லை. சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்கிவிட்டு வந்து ரொம்ப நேரம் முழந்தாளிட்டிருந்தார். நான் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்று. நாளைக்கு நான் வாயைத் திறக்க வேண்டி வரக்கூடாது.

மறுநாள் விடியலில் பாலத்தடிக்குப் போனால், அம்மாடி, திருவிழாதான். செண்டை மேளம் என்ன, பாட்டுப் பெட்டி என்ன, தண்ணீர் கொடுக்கிற காலேஜ் பிள்ளைகள் என்ன. எல்லார் நெஞ்சிலும் எண்ணுக்குக் கீழே பெயர் அச்சடித்திருக்கிறார்கள். அதனால் முன்பின் தெரியாதவர்கள்கூடப் பெயர் சொல்லி உற்சாகப்படுத்துகிறார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் தன் வீட்டுக்காரரைப் பார்த்து, "டேய் கார்த்தி, சீக்கிரம் ஓடுடா, பசிக்குது!" என்றாள். கார்த்தி காதில் ஒயரைச் செருகிக்கொண்டு, எதுவும் கேட்காமல் கையை ஆட்டிவிட்டுப் போனார். ஜானகியும் சரோஜாவும் இருந்திருந்தால் இதைப் பற்றியே ஒரு வாரம் பேசியிருப்போம்.

ஆற்று நாற்றம் மட்டும் அதே நாற்றம்.

"புள்ளி பாலத்துல ஏறிடுச்சு," என்றாள் ரீட்டா. கொஞ்ச நேரம் கழித்து, "நிக்குதும்மா. இல்ல, நெட்வொர்க்தான்," என்றாள். நான் தட்டையும் கரண்டியையும் பிடித்துக்கொண்டு பாலத்தையே பார்த்தேன்.

வந்தார். கூட்டம் வடிந்த பிறகு, கடைசியாக வருகிறவர்களோடு வந்தார். மெதுவாகத்தான், ஆனால் ஓட்டம்தான், நடை இல்லை. தண்ணீர் கொடுக்கிற பையன்கள், "சூப்பர் தாத்தா!" என்றார்கள். வேறு நாளாக இருந்தால் முறைத்திருப்பார். தூரத்திலிருந்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். முகம் நிறையச் சிரிப்பு. மோவாயைத் தூக்கி, தட்டு தட்டு என்று சைகை காட்டினார்.

நான் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தேன். வலது கை மடங்கியிருந்தது. கட்டைவிரலை உள்ளே வைத்து இறுக்கி மடக்கியிருந்தார்.

"அம்மா, தட்டும்மா! அப்பா கேக்கறார் பாரு!" என்று ரீட்டா குதித்தாள். எனக்குக் கரண்டி தூக்க வரவில்லை. இன்னும் கொஞ்ச தூரம்தான், அப்புறம் மெரினா. கடைசி ஓட்டம். முடித்துவிட்டால் வாழ்நாள் பூரா சொல்லிக்கொண்டிருப்பார். நிறுத்தினால் வாழ்நாள் பூரா சொல்லமாட்டார். எது மேல் என்று அந்த நேரத்தில் யாரிடம் கேட்பது? தட்டைத் தரையில் வைத்தேன்.

"ஏங்க!"

தொண்டை கிழியக் கத்தினேன். செண்டை மேளத்தைத் தாண்டிப் போயிருக்க வேண்டும்.

ரோட்டில் ஒருத்தர்கூடத் திரும்பவில்லை. முன்னால் போனவர்கள் போனார்கள், பின்னால் வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். இவர் மட்டும் நின்றார். சிரிப்பு நின்றது. ஒரு விநாடி மெரினா பக்கம் பார்த்தார். பிறகு என்னிடம் நடந்து வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு, நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார். சட்டை சில்லென்று இருந்தது. "வரும்போதே பிடிச்சுது, டீச்சர்," என்றார். ரீட்டா முதலுதவிக்காரர்களைக் கூப்பிட ஓடினாள்.

பெரிதாக ஒன்றுமில்லை, சரியான நேரத்தில் நின்றுவிட்டார் என்றார்கள் ஆஸ்பத்திரியில். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, நடந்தால் போதும், ஓட்டம் இனி வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், ஷூவைப் பையில் போட்டு என்னிடம் நீட்டியது. எனக்கு அழுகை வந்தது. அவர் கஞ்சியைக் குடித்துக்கொண்டே, "கவனிச்சியா? வேற ஒருத்தனும் திரும்பல," என்றார்.

கவனிக்காமல் இருப்பேனா? ஜானகி மகனோடு அமெரிக்கா போய் வருஷக்கணக்காகிறது. அவள் ஏன்னா என்று கூப்பிட ஆளும் இல்லை, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சரோஜா செத்து அவளை எடுத்த அன்று, அவள் வீட்டுக்காரர் பாடைக்குப் பின்னால் தெருமுனைவரைதான் நடந்தார். அப்புறம் ஓடவும் இல்லை, ரொம்ப நாள் இருக்கவும் இல்லை. அன்றைக்கு என் குரலுக்குப் பயந்து திரும்பிய அத்தனை பேரும் எங்கே போனார்களோ, அவர்களை அப்படிக் கூப்பிட்டவர்கள் எங்கே போனார்களோ தெரியாது. ரோடு பூரா உன் ஊட்டுக்காரங்களா என்று கேட்டாளே, இப்போது வந்து பார்க்கட்டும். மிச்சம் இந்த ஒருத்தர்தான். அவர் இப்போது உள் அறையில் குறட்டை விட்டுத் தூங்குகிறார், நான் கூப்பிடவில்லை.